கஞ்சித் தண்ணீர் வழியே ஒரு கோலம்

அம்மாவுக்குக் கண்புரை முற்றிவிட்டது என்று மருத்துவர் சொன்ன வாரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பெற்றவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பார்வையைப் படமாக எடுத்தால் எப்படி வரும் என்று பிள்ளை கணக்குப் போட்டால் ஊர் என்ன சொல்லும்? ஆனால் கேமரா வைத்திருப்பவனின் புத்தி அப்படித்தான் போகிறது. அறுவை சிகிச்சைக்குப் பொங்கல் கழித்துத் தேதி கொடுத்திருந்தார்கள். மார்கழி முழுதும் என் கையில் இருந்தது.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்லன். கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் நண்பனிடம் பழையதாக வாங்கிய கேமரா, 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, ஒரு கால் சற்றே ஆடும் முக்காலி: இவ்வளவுதான் சொத்து. மகாமகக் குளம், கோபுரப் புறா, தேர் வடம் என்று எல்லோரும் எடுப்பதையே பல வருடங்கள் எடுத்து அலுத்த பிறகு, ஒரு எண்ணத்தை முதலில் பிடித்துக்கொண்டு அதற்குப் படம் தேடும் பழக்கம் தொற்றிக்கொண்டது. கருத்தியல் புகைப்படம் என்று அதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு 'வேலையற்ற வேலை' என்று பெயர்.

முதலில் எவனுக்கும் தோன்றக்கூடியதைச் செய்தேன். ஃபோகஸைக் கலைத்தேன். லென்ஸின் துவாரத்தை எஃப்/1.8 வரை முழுதாகத் திறந்து, தானியங்கி ஃபோகஸை அணைத்து, வளையத்தை எவ்வளவு கிட்டத்துக்குத் திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பி வைத்துக்கொண்டு தெருவை எடுத்தேன். தெருவிளக்குகள் வட்டக் காசுகளாயின. பால்காரர் ஒரு வண்ணத் திட்டானார். எதிர்வீட்டுத் திண்ணையும் துளசி மாடமும் குப்பை வண்டியும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. எல்லாம் அழகோ அழகு. அந்த அழகைப் பார்த்ததுமே நான் சுதாரித்திருக்க வேண்டும். பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்து, 'அம்மாவின் கண்' என்று தலைப்பும் வைத்து, அச்சுப் போட்டு அம்மாவிடமே கொண்டுபோய் நீட்டினேன்.

அம்மா படத்தை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உன் அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேடுவாரே, அந்தப் பார்வை இது," என்றார். "எனக்கு இப்படி இல்லை."

"பின்னே எப்படி?"

"கஞ்சித் தண்ணீர் வழியாகப் பார்க்கிற மாதிரி. பொருள் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. நடுவில் ஏதோ கலங்கி நிற்கிறது. எதிரே வண்டிக்காரன் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தால் போதும், ஊசி ஊசியாகத் தெறிக்கும். அப்புறம் எல்லாமே துடைக்காத சிம்னி நிறம்."

அன்று இரவு இதைப் பற்றிப் படித்தபோது, அம்மா சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. ஃபோகஸ் தப்பும்போது ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஒரு வட்டமாக விரிகிறது. அந்த வட்டத்துக்கு விளிம்பு உண்டு, அளவு உண்டு. லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் வட்டமும் சுருங்கிவிடும். கண்புரையின் வேலை வேறு. கண்ணின் வில்லையில் இருக்கும் புரதங்கள் திரண்டு, உள்ளே வரும் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஒளியில் ஒரு பங்கு சேர வேண்டிய இடத்தில் சேர்ந்து உருவத்தைக் காட்டுகிறது. மீதி தாறுமாறாகத் தெறித்து, விழித்திரை முழுதும் மெல்லிய வெளிச்சமாகப் படிகிறது. உருவம் அங்கேயே இருக்கிறது, ஆனால் கறுப்பு கறுப்பாக இல்லை. வில்லை பழுத்து மஞ்சளாகிப் பழுப்பாவதால் நீலம் மெல்ல விடைபெறுகிறது. ஓவியர் மோனே 1923-இல் கண்புரைக்கு அறுவை செய்துகொண்டார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் தீட்டிய தோட்டப் பாலங்கள் செம்பழுப்பில் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்தால் சிம்னி நினைவுக்கு வரும்.

மங்கல் வேறு, கலங்கல் வேறு, மூட்டம் வேறு என்று தமிழ் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. நான்தான் மூன்றையும் ஒரே வளையத்தைத் திருப்பிப் பெற்றுவிடலாம் என்று நினைத்தேன்.

ஃபோகஸை இஷ்டத்துக்குத் திருப்பிப் பார்ப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவோடு இங்கிலாந்தில் படம் எடுக்க ஆரம்பித்தார். உருவம் தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்திலேயே லென்ஸைத் திருகுவதை நிறுத்திவிட்டதாகவும், மற்றவர்கள் வற்புறுத்தும் கூர்மை வரை போகவில்லை என்றும் பின்னாளில் எழுதினார். 1864-ஆம் வருடத்தின் கடைசி நாளில் வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில், ஃபோகஸ் என்றால் என்ன, இதுதான் முறையான ஃபோகஸ் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்று கேட்டார். அந்தக் காலத்து விமரிசகர்கள் அவரைத் தொழில் தெரியாதவர் என்று ஏசினார்கள். கண்ணாடித் தட்டின் முன் நிமிடக்கணக்கில் ஆடாமல் உட்கார வேண்டிய காலம் அது. ஆகவே அவருடைய மங்கலில் ஒரு பங்கு அவர் எடுத்த முடிவு, ஒரு பங்கு எதிரே உட்கார்ந்தவரின் மூச்சு.

இன்னொரு விஷயம். கேமரன் 1875-இல் கணவரோடு இலங்கைக்குப் போய்விட்டார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் கொஞ்சம் படங்கள் எடுத்து, 1879-இல் காலமாகி, போகவந்தலாவையில் அடக்கமானார். இங்கிலாந்தில் எடுத்த படங்களில் கவிஞர் டென்னிசன், ஹெர்ஷல் என்று பெயர் பெயராக மனிதர்கள் இருக்கிறார்கள். இலங்கைப் படங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பதிவாகவில்லை. லென்ஸ் எதைக் கூர்மையாக்கினாலும், எடுக்கிறவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால் அதுவும் ஒரு மங்கல்தான்.

பிறகு காற்று எதிர்த்திசையில் அடித்தது. 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலான புகைப்படக்காரர்கள் சேர்ந்து ஒரு குழுவை அமைத்து, அதற்கு லென்ஸின் மிகச் சிறிய துவாரத்தின் எண்ணையே பெயராக வைத்தார்கள்: எஃப்/64. முன்னே கிடக்கும் கூழாங்கல்லும் பின்னே நிற்கும் மலையும் ஒரே கூர்மையில் வர வேண்டும் என்பது கட்சி. எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தப் படங்களைத் தொடர்ந்து பத்துப் பார்த்தால் தலைமையாசிரியர் முன்னால் நிற்பது போலிருக்கும்.

என்னை உண்மையில் அசைத்தவர் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ. 1997-இல் தொடங்கிய கட்டடக்கலைத் தொடரில் அவர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். துருத்தி வைத்த பழைய பெரிய கேமராவில், முடிவிலிக்கான இடத்தையும், அதாவது வெகுதூரத்தில் இருப்பது கூர்மையாகத் தெரியும் இடத்தையும், தாண்டி ஃபோகஸைக் கொண்டுபோனார். முடிவிலிக்கு இரு மடங்கு என்று அதை அவர் சொல்கிறார். முடிவிலிக்கு ஏது இரு மடங்கு என்று கணக்கு எழுதுகிறவன் கேட்கக் கூடாது. கண்ணுக்கு எல்லாம் கரைந்து போகும் அந்த நிலையில் ஈஃபில் கோபுரத்தையும் பாரிஸ் அருகே உள்ள வில்லா சவாய் என்ற வீட்டையும் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களையும் எடுத்தார். நல்ல கட்டடம் இந்த மங்கலையும் தாங்கி நிற்கும் என்பது அவர் கண்டது. மங்கலை உரைகல்லாக வைத்துக்கொண்டார்.

என் லென்ஸ் முடிவிலியைத் தாண்டி ஒரு மயிரிழைதான் போகும். அதனால் மறுதிசையில், கிட்டத்துப் பக்கமாகக் கலைத்துக் கும்பேசுவரர் கோயில் தெருவை எடுத்துப் பார்த்தேன். கோபுரம் கோபுரமாகவே நின்றது. கீழே கடைகளின் பலகைகள், கம்பிகள், நிறுத்தியிருந்த வண்டிகள் எல்லாம் சேறாகிவிட்டன. ஆசையாக எங்கள் வீட்டையும் எடுத்தேன். அது பற்றி விரிவாகச் சொல்வதற்கில்லை.

ஜெர்மனியில் பிறந்த உட்டா பார்த் என்ற பெண் கலைஞரின் வழி வேறு. 1990-களில் எடுத்த ஒரு தொடரில், ஓர் ஆள் நிற்க வேண்டிய தூரத்துக்கு ஃபோகஸை வைத்தார், ஆனால் ஆளை நிறுத்தவில்லை. பின்னால் இருக்கும் சுவரும் ஜன்னலும் மங்கலாக வந்தன. கூர்மையெல்லாம் யாரும் இல்லாத காற்றின் மேல் விழுந்தது. இந்தப் படங்களை முதலில் பார்த்தபோது ஏமாற்று வேலை என்று நினைத்தேன்.

சரி, கஞ்சித் தண்ணீருக்கு வருகிறேன். லென்ஸின் மேல் நேரடியாகக் கை வைக்க மனம் வரவில்லை. முன்னால் திருகும் மலிவான கண்ணாடி ஃபில்டர் ஒன்றை வாங்கி, மோதிர விரலால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவினேன். முதல் தடவை அளவு மிஞ்சிவிட்டது, எதிரே இருந்தது ஆளா யானையா என்று தெரியவில்லை. துடைத்துத் துடைத்து, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு வந்த பிறகுதான் வேலை செய்தது. மேலும் கீழுமாகத் தடவினால் விளக்கொளி இடமும் வலமுமாகக் கோடிழுக்கிறது, பக்கவாட்டில் தடவினால் செங்குத்தாக இழுக்கிறது. நடுவிலிருந்து விளிம்புவரை கன்னாபின்னாவென்று ஒற்றி எடுத்தபோது அம்மாவின் ஊசிகள் கிடைத்தன.

அதற்கு மேல் ஒரு கொடை தானாக வந்தது. மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பது பாட்டிலை அடுப்பருகே வைக்கிற எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. 24 டிகிரிக்குக் கீழே போனால் போதும். வாசலில் பத்து நிமிடம் நின்றேன், ஃபில்டரில் இருந்த எண்ணெய்ப் படலம் வெண்மையாகப் பூத்தது. தெளிவாக இருந்த ஒன்று திரண்டு ஒளியைச் சிதறடிக்கிறது. புரையே இதுதானே.

எக்ஸ்போஷரில்தான், அதாவது எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுவது என்பதில்தான், கேமராவோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கேமராவின் ஒளிமானிக்கு வெள்ளை, கறுப்பு என்ற பேதம் தெரியாது. எதை நோக்கிப் பிடித்தாலும் அது ஏறக்குறைய 18 சதவீதம் ஒளியைத் திருப்பியனுப்பும் நடுச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். அதனால்தான் வெள்ளை வேட்டி கட்டிய கூட்டத்தை எடுத்தால் எல்லோரும் துவைக்காத வேட்டியோடு நிற்பார்கள், கருங்கல் நந்தியை எடுத்தால் சிமெண்டு நந்தியாகிவிடும். என் எண்ணெய் மூட்டத்தைப் பார்த்ததும் அது வெளிச்சம் அதிகம் என்று பயந்து படத்தை இருட்டாக்கியது. அம்மாவின் கண் அப்படிச் சமாளித்துக்கொள்வதில்லையே. ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுத்தேன் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). வாசல் பல்புக்கு எதிரே நின்ற அப்பாவின் முகம் பாதி வெளிச்சத்தில் அழிந்து, தோளும் துண்டும் மட்டும் மிஞ்சின.

அம்மா இந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "கிட்ட வந்துவிட்டாய்," என்றார். "ஆனால் அந்தக் கொடியில் காய்கிற புடவை எனக்கு இவ்வளவு நீலமாக இல்லை." நிறச் சமநிலையை மஞ்சள் பக்கம் தள்ளி மறுபடி அச்சிட்டேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இப்படிப் பார்வையைப் பிடிக்க அலைந்துகொண்டிருந்த நாட்களில், அந்தப் பார்வையை வைத்துக்கொண்டே அம்மா தினமும் நாலே முக்காலுக்கு எழுந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "எப்படிம்மா தெரிகிறது?" என்று கேட்டதற்கு, "கைக்குத் தெரியும்," என்றார். அந்தக் கையைத்தான் எடுக்க வேண்டும், வாசல் தெளிப்பதிலிருந்து பூசணிப்பூ வைப்பதுவரை முழுவதையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. இதற்கும் முன்னோடி சுகிமோட்டோதான். ஒரு முழுத் திரைப்படத்தையும் ஒரே படத்தில் பிடித்தால் என்ன வரும் என்று 1976 வாக்கில் தன்னையே கேட்டுக்கொண்டு, நியூயார்க்கில் ஒரு மலிவான தியேட்டருக்குப் பெரிய கேமராவோடு போனார். படம் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்தார், முடிந்ததும் மூடினார். காதல், சண்டை, சாவு எல்லாம் சேர்ந்து திரை ஒரு வெள்ளைச் செவ்வகமாயிற்று.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் முக்காலியைக் கட்டி, கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பினேன். தெருவிளக்கும் வாசல் பல்பும் மட்டும் வெளிச்சம். ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100 என்றும் துவாரத்தை எஃப்/16 என்றும் வைத்தால் சரியான எக்ஸ்போஷருக்கு ஒரு நிமிடம் ஆனது. அம்மாவுக்கோ அரை மணி நேரம் வேண்டும். ஒளியை 32-இல் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்பு ஃபில்டரைப் போட்டால் ஒரு நிமிடம் 32 நிமிடமாகும். கணக்கு எழுதுகிறவனுக்கு இந்த இடம் மட்டும் சுலபம்.

முதல் நாள் பால் வண்டியின் முகப்பு விளக்கு படத்தைக் குறுக்கே அடித்துவிட்டுப் போனது. இரண்டாம் நாள் பனி. லென்ஸின் மேல் பனி படிந்து, கேமராவுக்கே புரை வந்துவிட்டது. அம்மா சிரித்தார். மறுநாள் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து, முட்டிவலிக்கு ஒத்தடம் கொடுப்பது போல லென்ஸின் கழுத்தைச் சுற்றிக் கட்டச் சொன்னார். பனி ஒட்டவில்லை. ஆனால் அன்று பேட்டரி காலை வாரியது. இவ்வளவு நேரம் திறந்திருந்தால் சென்சார் சூடாகிப் பொட்டுப் பொட்டாகப் பொய்ப் புள்ளிகள் தோன்றும். அவற்றைக் கழிக்க, ஷட்டரை மூடிக்கொண்டு அதே 32 நிமிடம் கேமரா இருட்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டாவது அரை மணியில் உயிர் போனது. நான்காம் நாள் எல்லாம் கூடிவந்தது.

நான் எதிர்பார்த்தது ஆளில்லாத வாசலும் ஒரு முழுக் கோலமும். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டகேர் 1838-இல் பாரிஸின் ஒரு பரபரப்பான சாலையை எடுத்த படத்தில் வண்டிகளும் மனிதர்களும் மறைந்து, காலணிக்கு மெருகு போடக் காலை நீட்டி அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிவார். நிமிடக்கணக்கில் திறந்திருக்கும் ஷட்டருக்கு நிற்கிறவர்கள்தான் மனிதர்கள். அந்தக் காலணிக்கு மெருகு போட்டவர் அங்கே ஒரு கலங்கல். எங்கள் வாசலிலும் அப்படித்தான் நடந்தது. அரை மணி நேரம் குனிந்து நிமிர்ந்த அம்மா, தரையின் மேல் லேசான புகையாக இருந்தார். கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்று பார்த்தாரே, அந்த இடத்தில் மட்டும் இரண்டு பாதங்கள், தரை ஊடுருவித் தெரியும்படி.

கோலம் மட்டும் நான் நினைத்தபடி வரவில்லை. ஒன்பது புள்ளி ஐந்து வரை ஊடுபுள்ளி, சிக்குக் கோலம். புள்ளிகளை முதலில் வைத்துவிடுவதால் அவை அரை மணி நேரமும் வெளிச்சத்தை வாங்கிப் பளிச்சென்று இருந்தன. அவற்றைச் சுற்றிய கம்பி, தொடங்கிய இடத்தில் வெள்ளையாக இருந்து, வளைய வளைய மங்கிக்கொண்டே போய், முடித்த இடத்தில் இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி இருந்தது. எதை எப்போது போட்டார் என்பது அதன் வெளுப்பிலேயே எழுதியிருந்தது. படத்தில் விரலை வைத்தால் அம்மாவின் கை போன வழியில் அப்படியே போகலாம். சாணி உருண்டையில் கடைசியாகச் செருகிய பூசணிப்பூ ஒரு மஞ்சள் சாயல், அவ்வளவுதான். சுகிமோட்டோவின் திரையில் எல்லாம் சேர்ந்து வெள்ளையாகி வரிசை அழிந்துபோனது. எங்கள் வாசலில் வரிசை மட்டும்தான் மிஞ்சியது. நான் செய்ததில் உருப்படியானது அந்த ஒரு படம்தான். பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டினேன். ஒரு மாதம் அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழித்து வலது கண்ணில் அறுவை முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். கறுப்புக் கண்ணாடியோடு கூடத்தில் உட்கார்ந்தவர், அப்பாவின் வேட்டியைப் பார்த்து, "புதுசா?" என்று கேட்டார். இல்லை என்றதும் இடது கண்ணை மூடிப் பார்த்தார், வலது கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்றில் வெள்ளை, இன்னொன்றில் சிம்னி.

பிறகு எழுந்து சுவரில் இருந்த படத்துக்கு அருகே போனார். நான் வெளுப்பையும் வரிசையையும் விளக்க ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. மேல் வரிசையிலிருந்து ஆள்காட்டி விரலை நகர்த்தி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். ஐந்து, ஆறு என்று வந்த விரல் மூன்றாவது வரிசையின் கோடியில் நின்றது.

"இங்கே ஒரு புள்ளி இல்லையே."

போய்ப் பார்த்தேன். ஏழு இருக்க வேண்டிய வரிசையில் ஆறுதான் இருந்தன. மொத்தம் 61 வர வேண்டும். இரண்டு தடவை எண்ணியும் 60-தான் வந்தது. கம்பி மட்டும் எதுவும் நடக்காதது போல, புள்ளியே இல்லாத அந்த இடத்தை அழகாகச் சுற்றிக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போயிருந்தது.

"மாடியில் நின்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டுதானேடா இருந்தாய்?" என்றார் அம்மா. "ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

படத்தைக் கழற்றச் சொன்னார். வேண்டாம் என்றேன். சரியாகப் போட்டுத் தருகிறேன், மறுபடி எடு என்கிறார். குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால் அந்தப் பேச்சு இப்போதைக்கு அப்படியே நிற்கிறது.